உங்களுக்குத் தெரியுமா? வரி மிச்சமாக நட்ட காற்றாலைகள்

ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய முப்பந்தலில் 1990-களில் காற்றாலைகள் மளமளவென முளைத்ததற்குக் காற்று மட்டும் காரணமல்ல. காற்றாலை நிறுவினால், அதன் முழு விலையையும் முதலாண்டிலேயே தேய்மானமாகக் கணக்குக் காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொள்ளலாம் என்றது மத்திய அரசு. நூற்பாலை முதலாளிகள் விடுவார்களா! சலுகை, இயந்திரத்தை நட்டதற்குத்தான். அது எத்தனை யூனிட் தந்தது என்பதைப் பற்றி அந்தச் சலுகைக்குக் கவலை இல்லை. சரியாகச் சுற்றாத காற்றாலையும் வரியை மிச்சப்படுத்தியது.

2009 டிசம்பரில்தான் உருப்படியான ஒரு மாற்றம் வந்தது: மின்கட்டமைப்புக்கு அனுப்பும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 பைசா ஊக்கத்தொகை. ஆனால், 2012-ல் தேய்மானச் சலுகையையும் ஊக்கத்தொகையையும் அரசு ஒருசேர நிறுத்தியது. விளைவு, நாடு முழுவதும் ஆண்டுக்கு 3,000 மெகாவாட்டைத் தாண்டியிருந்த புதிய காற்றாலைத் திறன், அடுத்த ஆண்டே ஏறக்குறையப் பாதியாகச் சரிந்தது. பதறிப்போய் 2013-ல் ஊக்கத்தொகையையும் 2014-ல் தேய்மானச் சலுகையையும் திருப்பிக் கொடுத்தார்கள்.

2017 பிப்ரவரியில் நடந்த முதல் தேசியக் காற்றாலை ஏலத்தில் ஒரு யூனிட் மின்சாரத்தின் விலை 3 ரூபாய் 46 காசுக்கு இறங்கியது. மாநிலங்கள் அதுவரை நிர்ணயித்துக் கொடுத்துவந்த விலையைவிட இது குறைவு. முப்பந்தல் பக்கமோ, நல்ல காற்று வீசும் இடங்களைப் அன்று வரிக்காக நட்ட பழைய சிறிய காற்றாலைகளே பிடித்துக்கொண்டிருந்தன!