எல்லைப்புற யாத்திரை – 9: அஞ்ஞாதவாசமும் அடையாள அட்டையும்

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி செல்லும் நெடுஞ்சாலையை விட்டுச் சற்றே விலகிய ஒரு சிற்றூரில், திரௌபதியம்மன் பாரத உற்சவத்தை முன்னிட்டு விராட பர்வக் கூத்து நடக்கிறதென்று கேள்வியுற்று, இராப்போஜனம் முடிந்ததும் நானும் போய் மந்தையில் உட்கார்ந்தேன். பன்னிரண்டு ஆண்டு வனவாசத்தைக் கழித்த பாண்டவர்கள், பதின்மூன்றாம் ஆண்டை எவரும் இனம் காணாதபடி மறைந்து கழிக்க வேண்டும். அகப்பட்டால் மறுபடியும் பன்னிரண்டு ஆண்டு வனம். தண்டனை பெற்றவர்களின் சரித்திரத்தில் இதைப்போல் விசித்திரமான நிபந்தனை வேறு உண்டோ, நான் அறியேன்.

முகவீணை ஓய்ந்ததும், துரியோதனனுடைய ஒற்றனாக வந்த கட்டியக்காரன் நேரே ஜனங்களுக்குள் நுழைந்து, "ஏம்ப்பா, அஞ்சு ஆம்பளைங்களும் ஒரு பொம்பளையும் இந்தப் பக்கமா வந்தாங்களா?" என்று ஒவ்வொருவராக விசாரிக்கலானான். பிருகந்நளை வேஷத்து அர்ஜுனன் திரைக்கு அருகிலேயே நின்று வெற்றிலை மென்றுகொண்டிருப்பதை அத்தனை பேரும் பார்த்திருந்தும், "பாக்கலீங்க" என்று தமிழிலும், "சூடலேது" என்று தெலுங்கிலும், "நோடில்ல" என்று கன்னடத்திலும் பதில் வந்ததே ஒழிய, காட்டிக்கொடுக்க ஒரு குழந்தைகூட முன்வரவில்லை. பார்வையாளரை நாடகத்துக்குள் இழுப்பதை நவீன நாடகக்காரர்கள் புதுமையென்று கொண்டாடுகிறார்கள்; கொண்டாடட்டும். இரவு ஷிப்டுக்குப் போகும் வழியில் சீருடையோடு நின்றிருந்த ஓர் இளைஞனின் கழுத்து அட்டையைத் தூக்கி டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்த கட்டியக்காரன், "பேரும் போட்டோவும் நம்பரும் போட்டுத் தொங்கவிட்டிருக்காங்க, இவன் பாண்டவனா இருக்க முடியாது" என்று விட்டுவிட, எழுந்த சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

கூத்து நடந்த இந்த வட்டாரத்தில், கிருஷ்ணகிரியை உள்ளடக்கிய பாரமகால் 1792-லும் ஓசூர் 1799-லும் கும்பினியார் வசமாயின. அவர்கள் கொண்டுவந்த தண்டனை முறையோ பாரதக் கதைக்கு நேர் விரோதமானது. ஆயுள் கைதியின் நெற்றியிலேயே பெயரையும் குற்றத்தையும் பச்சை குத்தி, தப்பி ஓடினாலும் எங்கும் இனங்காணும்படி செய்தார்கள். அவ்வழக்கம் சட்டப்படி ஒழிந்தது 1849-ல்தான். சென்னை ராஜதானியின் கைதிகள் சுமத்திராத் தீவின் பென்கூலனுக்கு நாடுகடத்தப்பட்டு, அங்கிருந்து 1825 ஏப்ரல் 18 அன்று எண்பது பேர் சிங்கப்பூர் வந்திறங்கினர். பின்னாளில் அந்நகரின் சாலைகளையும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தையும் கட்டியவை கைதிகளின் கைகளே. தலைப்பாகையைப் புருவம்வரை இறக்கிக் கட்டி அந்த எழுத்தை மறைத்துக்கொண்டவர்களும் உண்டு.

விடியற்காலையில் கூத்தில், விராட மன்னனின் மாடுகளைக் கௌரவர்கள் கவரும் மாடுபிடி சண்டை வந்தது. கெடு முடியுமுன்பே அர்ஜுனன் வெளிப்பட்டுவிட்டான் என்று துரியோதனன் வழக்காட, பீஷ்மரோ ஐந்து ஆண்டுக்கு இரண்டு அதிக மாசம் வீதம் கணக்கிட்டு, பதின்மூன்று ஆண்டில் ஐந்து மாதமும் பன்னிரண்டு இரவும் கூடுதலாகவே சேர்ந்துவிட்டன என்று தீர்ப்புச் சொன்னார். பக்கத்திலிருந்த கிழவருக்கு அது சம்மதமில்லை.

"பெரிய மனுஷன், செல்லப் பேரனுங்களுக்காகக் கணக்கையே மாத்திட்டாரு."

"கணக்கு சரிதாம் பெரியப்பா," என்றார் ஷிப்டு முடித்து வந்து உட்கார்ந்திருந்த ஒருவர். "சொல்லப்போனா பாண்டவங்களுக்கு ஓவர்டைம் பாக்கி இருக்குது."

(தொடரும்)