50 சர்வர்... ஒரே ஃபைல்!
லேப்ல 50 லினக்ஸ் மெஷின். எல்லாத்துலயும் அப்பாச்சி ஏத்தணும்னா ஒவ்வொண்ணா லாக்-இன் பண்ணுவீங்களா? விரல் தேஞ்சுடும் பாஸ்!

இந்தத் தலைவலிக்கு 1993-லேயே ஆஸ்லோவில் மார்க் பர்கெஸ் எழுதிய மருந்து 'சிஎஃப்இன்ஜின்'. பிறகு 2005-ல் 'பப்பெட்', 2012-ல் 'ஆன்சிபிள்'. ஆன்சிபிளை உங்க மெஷின்ல மட்டும் போட்டா போதும். மத்ததில் எஸ்எஸ்ஹெச்சும் பைத்தானும் இருந்தா சரி.

இதில் 'என்ன செய்யணும்'னு எழுதுறதில்லை, 'எப்படி இருக்கணும்'னு எழுதணும். 'அப்பாச்சி இருக்கணும்'னா, இல்லாத மெஷின்ல மட்டும் ஏத்தும், இருந்தா தொடாது. எத்தனை தடவை ஓட்டினாலும் அதே ரிசல்ட். (அரியர் ஞாபகம் வந்தா நான் பொறுப்பில்லை!)

ஆனா உஷார்... ஒரு தப்பு வரி, சில நிமிஷத்துல 50 மெஷினையும் படுக்க வெச்சுடும். முதல்ல 'செக்' மோடில் ஒத்திகை பாருங்க. நிஜமா ஓட்டும்போது 'சீரியல்: 1' போடுங்க. ஒவ்வொரு மெஷினாத்தான் போகும்; முதல் மெஷின்லயே எரர் அடிச்சா, அங்கேயே நின்னுடும். மீதி 49 தப்பிச்சுது!