மேள அடியை எழுதிக்கொள்ளும் கம்ப்யூட்டர்!

ஒரு பாட்டு ஒலிப்பதிவாகிறது. டிரம் வாசித்தவர் தாளம் தவறாமல் வாசித்துவிட்டார். ஆனால் பதிவைப் போட்டுக் கேட்டால், பெரிய டிரம்மின் ஓசை தகரத்தைத் தட்டியதுபோல் இருக்கிறது!

என்ன செய்வது? மறுபடியும் எல்லோரையும் கூட்டி வாசிக்கச் சொன்னால் வீண் செலவு.

இதற்கு ஒரு வழி உண்டு. வாசிப்பை அப்படியே வைத்துக்கொண்டு, ஓசையை மட்டும் மாற்றிவிடலாம்! கம்ப்யூட்டர் அதைச் செய்கிறது.

எப்படி எழுதுகிறது?

மேளம் வாசிப்பவரின் பக்கத்தில் ஒருவர் நோட்டுப் புத்தகத்துடன் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொரு அடியும் விழுந்த நேரம் எது, விழுந்த மேளம் எது, அடியின் பலம் எவ்வளவு என்று அவர் குறித்துக் கொள்கிறார். அந்தக் குறிப்பை வைத்து, வேறு ஒரு மேளத்தில் அதே வாசிப்பை வாசித்துவிடலாம் அல்லவா?

கம்ப்யூட்டர் எழுதும் இத்தகைய குறிப்புக்கு 'மிடி' என்று பெயர்.

மிடியில் ஓசை கிடையாது. எல்லாம் எண்கள்தான். காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்முக்கு 36. ஸ்நேர் டிரம்முக்கு 38. மூடிய ஹை-ஹாட் தாளத்தட்டுக்கு 42. இது பொதுவாக வழங்கும் கணக்கு. அடியின் பலத்துக்கு 1 முதல் 127 வரை எண் உண்டு. பூப்போலத் தட்டினால் சிறிய எண். ஓங்கி அடித்தால் பெரிய எண்.

இந்த எண்களைக் கண்டதும், சேமித்து வைத்த நல்ல டிரம் ஓசையைக் கம்ப்யூட்டர் எடுத்து ஒலிக்கச் செய்கிறது.

வளர்ந்த கதை

மிடி வருவதற்கு முன்பே இந்த முயற்சி தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் ஸ்டீலி டான் இசைக்குழு 1980-ல் வெளியிட்ட 'கௌச்சோ' இசைத்தட்டுக்காக, ரோஜர் நிக்கல்ஸ் என்ற ஒலிப்பதிவு நிபுணர் 'வெண்டல்' என்ற எந்திரத்தைச் செய்தார். டிரம் ஓசைகளைச் சேமித்து, வேண்டிய இடத்தில் ஒலிக்க வைத்தது அது.

1983 ஜனவரியில் கலிபோர்னியாவில் ஓர் இசைக்கருவிக் கண்காட்சி நடந்தது. அங்கே இரண்டு வெவ்வேறு கம்பெனிகளின் கருவிகளைக் கம்பியால் இணைத்தார்கள். ஒன்றை வாசித்தால் மற்றதும் ஒலித்தது! அதுதான் மிடி. அதற்காகப் பாடுபட்ட அமெரிக்கர் டேவ் ஸ்மித், ஜப்பானியர் இக்குதாரோ ககேஹாஷி இருவருக்கும் 2013-ல் கிராமி விருது கிடைத்தது.

2009-ல் வந்த 'லாஜிக் புரோ 9', 2013-ல் வந்த 'ஏபிள்டன் லைவ் 9' ஆகிய மென்பொருள்களில், டிரம் பதிவை மிடியாக மாற்றும் வசதி சேர்ந்தே வந்தது. பெரிய ஸ்டூடியோவின் வேலை வீட்டு மேஜைக்கு வந்துவிட்டது.

கோடு எங்கே?

ஆனால் கம்ப்யூட்டருக்கு எது அடி, எது எதிரொலி என்று தானாகத் தெரியாது. நாம்தான் ஒரு கோடு கிழித்துக் காட்டவேண்டும். அந்தக் கோட்டைத் தாண்டும் சத்தத்தை மட்டுமே அது அடியாகக் கணக்கிடும்.

கோடு மிகத் தாழ்ந்திருந்தால் வம்பு! ஸ்நேர் டிரம்முக்கு வைத்த மைக்கில் பக்கத்துத் தாளத்தட்டின் சத்தமும் விழும். கம்ப்யூட்டர் அதையும் அடி என்று எழுதிவிடும். ஓர் அடியின் ரீங்காரத்தை இரண்டாவது அடி என்று எண்ணுவதும் உண்டு.

கோடு மிக உயர்ந்திருந்தால் அதைவிட நஷ்டம். நல்ல கலைஞர்கள் பெரிய அடிகளுக்கு நடுவே மெல்ல மெல்லத் தட்டுவார்கள். அந்தத் தட்டல் காதுக்குத் தனியாகத் தெரியாது. ஆனாலும் பாட்டுக்கு நடை கொடுப்பது அதுதான். கோட்டைத் தாண்டாத அந்த அடிகளைக் கம்ப்யூட்டர் விட்டுவிடும். தாளம் சரியாக இருக்கும். பாட்டில் உயிர் இருக்காது!

ஆகவே, விவரம் தெரிந்தவர்கள் எந்திரத்தை மட்டும் நம்புவதில்லை. பழைய பதிவையும் புதிய ஓசையையும் சேர்த்து வைத்துக் கேட்கிறார்கள். பொய் அடிகளை நீக்குகிறார்கள். விடுபட்ட மெல்லிய அடிகளைக் கையால் எழுதிச் சேர்க்கிறார்கள். பழைய பதிவை அழிக்காமல், புதிய ஓசையோடு கலந்து விடுகிறவர்களும் உண்டு.

ஓசையைக் கம்ப்யூட்டர் மாற்றித் தரும். வாசித்தவரின் கை அதில் தப்பிப் பிழைத்ததா என்று சொல்லவேண்டியது மனிதனின் காதுதான்!