மேடையிலிருந்து திரைக்கு

பாட்டும் உரையாடலும் ஒன்றோடொன்று பின்னிக் கதையை நடத்திச் செல்லும் நாடகம் இசைநாடகம் எனப்படும். சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணத்தையும் பவளக்கொடியையும் அறிந்த தமிழர்க்கு இவ்வடிவம் புதிதன்று. மேலைநாடுகளில் இவ்வகை நாடகம் ‘மியூசிக்கல்’ என்னும் பெயரில் வளர்ந்தது. நியூயார்க் நகரின் பிராட்வே பகுதியிலும் இலண்டன் நகரின் வெஸ்ட் எண்ட் பகுதியிலும் உள்ள அரங்குகள் அதன் தலைமை இடங்கள். மக்கள் விரும்பிய நாடகம் அங்கே ஆண்டுக்கணக்கில், சிலவேளை பத்தாண்டுக்கணக்கில், தொடர்ந்து நடைபெறும். நடிகர்கள் மாறுவர், நாடகம் நிலைத்திருக்கும்.

அத்தகைய நாடகம் ஒன்று திரைப்படமாகலாம் என்னும் பேச்சு எழுந்தவுடனேயே அதன் இரசிகர்களிடையே வாதம் தொடங்கிவிடும். தலைமைப் பாத்திரத்தில் யார் நடிப்பது? எந்தப் பாட்டை நீக்குவர்? பாடத் தெரியாத புகழ்மிக்க நடிகரைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்களோ? ஒரு காட்சிகூடப் படமாக்கப்படாத நிலையில் நிகழும் இவ்வாதம் புறத்தே நின்று காண்போர்க்கு வீண்பூசலாகத் தோன்றலாம். ஆனால் அதற்கு வலுவான காரணம் உண்டு. மேடையில் இன்று நேர்ந்த குறையை நாளைய நிகழ்ச்சியில் திருத்திக்கொள்ளலாம். பொருந்தாத நடிகருக்கு மாற்றாக அடுத்த ஆண்டு வேறொருவர் வருவார். திரைப்படமோ ஒருமுறை எடுத்தால் எடுத்ததுதான். அரங்கின் வாயிலை மிதிக்கவே இயலாத பல கோடி மக்களுக்கு அந்தப் படமே நாடகமாகிவிடுகிறது. இரசிகர் அஞ்சுவது இதற்குத்தான். இவ்வச்சத்தையும், அதனோடு கலந்திருந்த ஆவலையும் நெடுங்காலம் சுமந்த நாடகம் ‘விக்கிட்’.

கதை வந்த வழி

லைமன் பிராங்க் பாம் எழுதிய ஆஸ் நாட்டு மந்திரவாதியின் கதை 1900இல் வெளிவந்தது. அதில் ஒரு தீய சூனியக்காரி வருகிறாள். 1939இல் வெளிவந்த திரைப்படம் அவளைப் பச்சை நிறத் தோலும் கூரிய மூக்கும் உடையவளாக உலகின் மனத்தில் பதித்தது. அவள் உண்மையிலேயே தீயவள்தானா என்று வினவினார் அமெரிக்க நாவலாசிரியர் கிரெகரி மகுவையர். 1995இல் அவர் எழுதிய நாவலே ‘விக்கிட்’. இச்சொல்லுக்குத் ‘தீய’ என்பது பொருள். மட்டைப்பந்தில் வீழும் விக்கெட்டுக்கும் இதற்கும் உறவில்லை. எல்ஃபபா என்னும் பெயருடைய அப்பெண், நிறத்தால் ஒதுக்கப்பட்டவள், அநீதியை எதிர்த்தவள், அதனாலேயே தீயவள் என்று முத்திரை குத்தப்பட்டவள் என்று அந்நாவல் கூறியது.

இங்கே ஒரு சுவையான திருப்பம் உண்டு. நாவலின் உரிமையை யுனிவர்சல் திரைப்பட நிறுவனம் முதலில் திரைப்படம் எடுக்கவே பெற்றிருந்தது. இது மேடையில் பாடப்பட வேண்டிய கதை என்று தயாரிப்பாளர் மார்க் பிளாட்டை இணங்கச் செய்தவர் இசையமைப்பாளர் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ். வின்னி ஹோல்ஸ்மேன் நாடக உரையை எழுதினார். 2003 அக்டோபர் 30 அன்று பிராட்வேயின் கெர்ஷ்வின் அரங்கில் நாடகம் அரங்கேறியது. எல்ஃபபாவாக இடினா மென்செலும், அவளுடைய தோழி கிளிண்டாவாகக் கிறிஸ்டின் செனோவெத்தும் நடித்தனர். இலண்டனில் 2006இல் இந்நாடகம் தொடங்கிய அப்பல்லோ விக்டோரியா அரங்கு தமிழர்க்கும் தொடர்புடையது. ஏ.ஆர்.ரகுமான் இசையமைத்த ‘பாம்பே டிரீம்ஸ்’ இசைநாடகம் 2002 முதல் 2004 வரை அவ்வரங்கிலேயே நடைபெற்றது.

திரையை விட்டு மேடைக்குப் போன கதை மீண்டும் திரைக்கு வருவது எளிதாக இல்லை. 2019 டிசம்பர் 20 அன்று படம் வெளிவரும் என 2016இல் அறிவித்த நிறுவனம் பின்னர் அதைத் தள்ளிவைத்து, அதே நாளை ‘கேட்ஸ்’ என்னும் மற்றோர் இசைநாடகத்தின் திரைவடிவத்திற்குக் கொடுத்தது. 1981இல் இலண்டனில் தோன்றிப் பல ஆண்டுகள் வெற்றிநடை போட்ட நாடகம் அது. மேடையில் நடிகர்கள் உடலை ஒட்டிய ஆடையும் முகப்பூச்சும் அணிந்து பூனைகளாக ஆடியபோது பார்வையாளர் அவர்களைப் பூனைகளாகவே ஏற்றனர். படத்திலோ கணினியின் துணையால் மனித உடல்மேல் உண்மையான மயிர் முளைத்தது போலக் காட்டினர். பார்த்தோர் முகம் சுளித்தனர். படம் வெளிவந்த பின்னரும் காட்சிகளைத் திருத்தித் திரையரங்குகளுக்குப் புதிய படியை அனுப்ப நேர்ந்தது. விக்கிட் இரசிகர்களின் அச்சம் இதனால் இரட்டிப்பானதில் வியப்பில்லை.

குரலா, முகமா?

வாதத்தில் மிகுந்த சூடு பறந்தது நடிகர் தேர்வில்தான். மேடையில் முதன்முதல் நடித்த இருவரே திரையிலும் வேண்டும் என்று ஒரு சாரார் விரும்பினர். அவர்தம் குரலிலேயே பாடல்கள் ஒலித்தட்டில் உலகெங்கும் பரவியிருந்தன. ஆயினும் எல்ஃபபாவும் கிளிண்டாவும் கதையில் கல்லூரி மாணவியர். ஏறத்தாழ 1,900 இருக்கைகள் கொண்ட கெர்ஷ்வின் அரங்கில் பின்வரிசையில் அமர்ந்திருப்பவர் நடிகரின் அகவையை அளக்க மாட்டார். அண்மைக் காட்சியில் கண்ணோரச் சுருக்கத்தையும் காட்டிவிடும் திரை அத்தகைய சலுகை தராது.

நம் நாட்டில் பேசும்படம் தோன்றிய காலத்தில் இச்சிக்கல் எழவில்லை. 1934இல் வெளிவந்த பவளக்கொடி திரைப்படத்தில், அந்நாடகத்தை மேடையில் நடித்துப் பெயர் பெற்றிருந்த எம்.கே.தியாகராஜ பாகவதரும் எஸ்.டி.சுப்புலட்சுமியுமே நடித்தனர். மக்களும் மேடையில் கேட்ட குரலைத் திரையில் கேட்கவே திரண்டனர்.

மாறான வழியில் சென்று நீங்காத மனக்குறையை விட்டுச்சென்ற படம் ‘மை ஃபேர் லேடி’. 1956இல் பிராட்வே மேடையில் அதன் தலைவியாகப் பாடிப் புகழடைந்தவர் ஜூலி ஆண்ட்ரூஸ். 1964இல் திரைப்படமானபோது, திரையுலகில் அவர் அறியப்படாதவர் என்று கருதி ஆட்ரி ஹெப்பர்னைத் தேர்ந்தெடுத்தனர். ஹெப்பர்ன் வாயசைக்க, பெரும்பாலான பாடல்களை மார்னி நிக்சன் பாடினார். படம் எட்டு ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது. ஹெப்பர்ன் பெயரோ பரிந்துரைப் பட்டியலிலும் இல்லை. அதே ஆண்டு ‘மேரி பாப்பின்ஸ்’ படத்தில் நடித்ததற்காகச் சிறந்த நடிகைக்குரிய விருதை வாங்கியவர் ஜூலி ஆண்ட்ரூஸ்!

நடிப்பவர் ஒருவர், பாடுபவர் மற்றொருவர் என்பது பின்னணிப் பாடகர் மரபில் வளர்ந்த நமக்குக் குறையாகத் தோன்றாது. டி.எம்.சௌந்தரராசனின் குரலை இரு பெரும் நடிகர்களின் குரலாகவே ஏற்று மகிழ்ந்தவர்கள் நாம். ஆனால் இசைநாடக இரசிகர்க்குப் பாட்டு என்பது கதைக்கு இடையே வரும் அணி அன்று. பாத்திரத்தின் பேச்சே அது. பேச்சை ஒருவரும் அதன் உச்சத்தை மற்றொருவரும் நிகழ்த்துவதை அவர்கள் ஏற்பதில்லை. 2012இல் ‘லே மிசராப்ள’ படமானபோது நடிகர்கள் காதுக்குள் பொருத்திய சிறு கருவியில் பியானோ ஒலியைக் கேட்டபடி படப்பிடிப்புத் தளத்திலேயே பாடியதற்கு இவ்வெதிர்பார்ப்பும் ஒரு காரணம் எனலாம். மூச்சு இரைப்பும் விம்மலும் குரலிலேயே பதிவாயின. சுருதி சற்றே விலகிய இடங்களும் பதிவாயின.

விக்கிட் படத்திற்குச் சிந்தியா எரிவோவும் அரியானா கிராண்டேயும் 2021 நவம்பரில் அறிவிக்கப்பட்டனர். எரிவோ பிராட்வே மேடையில் விருது பெற்றவர்; அவரைக் குறித்து ஐயம் குறைவாக இருந்தது. மெல்லிசைப் பாடகியான கிராண்டே, ஆப்பரா முறையில் உச்சத்தில் ஒலிக்க வேண்டிய கிளிண்டாவின் பாடல்களைத் தாங்குவாரா என்று பலர் ஐயுற்றனர். வேறொரு நடிகர் இப்படத்தில் இடம்பெறவே கூடாது என்று கோரி ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட விண்ணப்பமும் எழுந்தது. அவர் நடிப்பதாக எவரும் அறிவித்திருக்கவில்லை என்பது இதில் நகைப்புக்குரியது. அன்பு மிகும்போது அளவு மறந்துபோகும் போலும்.

பறத்தலும் பறப்பதாகக் காட்டுதலும்

நாடகத்தின் முற்பகுதி, எல்ஃபபா வானில் எழுந்து பாடும் காட்சியோடு முடிகிறது. மேடையில் அவள் உண்மையில் பறப்பதில்லை. ஓர் இயந்திரத் தூக்கி அவளை உயர்த்துகிறது. நீண்ட கரிய ஆடை அதனை மறைக்கிறது. புகையும் ஒளிக்கற்றைகளும் மற்றதைச் செய்கின்றன. இயந்திரம் இருப்பது அரங்கில் உள்ள எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் அவர்கள் நம்பச் சம்மதிக்கின்றனர். உச்சக் குரல் ஓங்கி ஒலித்து விளக்குகள் அணையும் அந்நொடியில் கைதட்டல் அதிர்கிறது. இடைவேளைக்குத் திரை விழுகிறது.

திரைப்படத்தில் அவளை எங்கும் பறக்கவைக்கலாம். முகிலைக் கிழித்துக்கொண்டு போகச் செய்யலாம். அங்கேதான் சிக்கல். எதையும் காட்ட முடியும் என்னும்போது காட்டியதைக் கண்டு வியக்க என்ன இருக்கிறது என்று கேட்டனர் மேடையை விரும்பியோர். மேலும் அக்கைதட்டலுக்கு இடம் விட்டே பாட்டு அமைக்கப்பட்டுள்ளது. நம் மேடைகளில் இரசிகர் ‘ஒன்ஸ்மோர்’ என்று குரலெழுப்ப, நடிகர் அதே பாட்டைத் திரும்பப் பாடியதும் இத்தகைய கொடுக்கல் வாங்கலே. திரையில் நிழலாய் நிற்பவர் நம் குரலைக் கேட்கமாட்டார்.

எதிர்வாதமும் எளிதில் தள்ளத்தக்கதன்று. பிராட்வேயில் நுழைவுச்சீட்டின் விலை பல வேளைகளில் நூறு டாலரைத் தாண்டும். அதை வாங்க வல்லவர்க்கே ஒரு கலை உரியது என்பது அறமாகுமா? படமாக்கப்படாத மேடைக்கலை என்னவாகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்றுண்டு. எஸ்.ஜி.கிட்டப்பா 1933இல், இருபத்தேழு அகவையில் மறைந்தார். அவர் குரலின் ஒரு பகுதி இசைத்தட்டுகளில் தங்கியது. அவர் மேடையில் நின்ற நிலையையும் பாடும்போது முகம் காட்டிய மெய்ப்பாட்டையும் காண இன்று வழியே இல்லை. மேடையை உள்ளது உள்ளபடி பதிவு செய்துவிடலாமே என்போரும் உளர். ‘ஹாமில்டன்’ நாடகத்தை 2016இல் அரங்கிலேயே படம்பிடித்து 2020இல் வெளியிட்டது அவ்வகை முயற்சி. நாடகத்தைக் காக்க அது மிக நல்ல வழி. ஆனால் அது பதிவுதானே தவிர, புதிய படைப்பு அன்று.

மூலத்திற்கு உண்மையாக இருத்தல் என்பதும் தோன்றுவதுபோல் நேரானதன்று. பாமின் 1900ஆம் ஆண்டு நூலில் நாயகி அணிவது வெள்ளிக் காலணி. வண்ணத் திரையில் எடுப்பாகத் தெரியவேண்டும் என்று 1939ஆம் ஆண்டுப் படத்தில் அதனைச் செந்நிற மாணிக்கக் காலணியாக மாற்றினர். பிற்காலத்தார் அம்மாற்றத்தையே மூலமெனக் கொண்டாடினர். புதிய படத்தில் அக்காலணி மீண்டும் வெள்ளியானபோது, பழைய நூலை அறியாத சிலருக்கு அதுவே மாற்றமாகத் தோன்றியிருக்கும்.

ஓராண்டு இடைவேளை

இயக்குநர் ஜான் எம். சூ படத்தை இரண்டாகப் பிரிக்கப்போவதாக 2022இல் அறிவித்தார். ஒரே படத்தில் அடக்கினால் பாடல்களையும் பாத்திரங்களையும் வெட்ட வேண்டியிருக்கும் என்றார். வானில் எழும் காட்சிக்குப் பின் திரை விழாமல் கதையைத் தொடர இயலவில்லை என்று ஷ்வார்ட்ஸும் உடன்பட்டார். இது வணிகத் தந்திரம் என்றனர் சிலர். ஒரு பாட்டும் விடுபடாது என்று மகிழ்ந்தனர் பிறர். இரு சாராரும் கூறியதில் உண்மை உண்டு.

முதற்படம் 2024 நவம்பர் 22 அன்று வெளிவந்தது. நாடகத்தின் முற்பகுதியை மட்டும் சொல்ல அது எடுத்துக்கொண்டது 160 நிமிடம். இடைவேளை உட்பட முழு நாடகமும் மேடையில் ஏறத்தாழ அவ்வளவு நேரமே நிகழ்கிறது. தலைவியர் இருவரும் பல பாடல்களைப் படப்பிடிப்புத் தளத்திலேயே பாடினர். கிராண்டே குறித்த ஐயம் பெரும்பாலும் தணிந்தது; இருவர் பெயரும் ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்றன. மேடையின் முதல் நாயகியர் இருவரும் சிறு காட்சி ஒன்றில் தோன்றியபோது பழைய இரசிகர்கள் நெகிழ்ந்தனர். மேடையில் 15 நிமிடமாக இருந்த இடைவேளை திரையில் ஓராண்டாக நீண்டது. எஞ்சிய கதை 2025 நவம்பர் 21 அன்றே வெளிவந்தது.

அவ்விடைக்காலத்தில் வாதம் வேறு பொருளுக்குத் தாவியது. இரண்டாம் படத்திற்கென ஷ்வார்ட்ஸ் இரு புதிய பாடல்களை எழுதினார். கதைக்கு அவை தேவைதாமா, திரைக்கென்றே எழுதிய பாடலுக்கு மட்டும் உரிய ஆஸ்கர் விருதைக் கருதி எழுதப்பட்டவையா என்று வினவினர். நாடகத்தை இயற்றியவரே எழுதியதை இடைச்செருகல் எனலாமா என்று மறுத்தனர் மற்றையோர். கெர்ஷ்வின் அரங்கில் நாடகம் அப்போதும் நடந்துகொண்டிருந்தது. அங்கே அவ்விரு பாடல்களும் பாடப்படவில்லை.