தீயில் இறங்குகிறவர்களுக்குச் சங்கம் உண்டா?



ஏப்ரல் 14 என்றால் நமக்கு அண்ணலின் பிறந்த நாள். சேரியெங்கும் நீலக்கொடி பறக்கும் நாள். அதே காலையில் நாடெங்கும் தீயணைப்பு நிலையங்களில் நினைவுத்தூணுக்கு மலர்வளையம் வைத்து மௌன அஞ்சலி செலுத்துகிறார்கள். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா துறையில் வெடிமருந்தும் பஞ்சும் ஏற்றி நின்ற ஃபோர்ட் ஸ்டைகின் என்ற கப்பல் தீப்பிடித்து வெடித்தது. அணைக்கப் போன தீயணைப்புப் படையினர் 66 பேர் மாண்டனர். அந்த நாள்தான் தீயணைப்போர் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்று வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தவர் அம்பேத்கர். அன்று அவருக்கு வயது 53.

தேதிகள் ஒன்றாக அமைந்தது தற்செயல்தான். ஆனால் அந்தத் தற்செயலைப் பிடித்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்கலாம் என்று நினைக்கிறோம். செத்தால் தூண் உண்டு, மலர்வளையம் உண்டு, பதக்கம் உண்டு. உயிரோடு இருக்கும்போது ஒன்றாகக் கூடி, "இந்த முகமூடி ஓட்டை, இந்தப் பணிநேரம் தாங்காது" என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டா? சொன்னவரைப் பழிவாங்காமல் தடுக்கச் சட்டம் உண்டா?

இலக்கிய மேடையில் இதை ஏன் பேச வேண்டும் என்று சிலருக்குத் தோன்றலாம். நாம் சொற்களைக் கையாள்கிறவர்கள். தீயணைப்புத் தொழிலாளி என்று யாரும் சொல்வதில்லை, தீயணைப்பு வீரர் என்கிறோம். வீரருக்குப் புகழ் சேரும். தொழிலாளிக்குக் கூலி, பணிநேரம், பாதுகாப்புக் கருவி, சங்கம் ஆகியவை சேரும். ஒரு சொல்லை உயர்த்திக் கொடுத்து இன்னொரு சொல்லின் உரிமைகளைப் பறிக்க முடியும். தூய்மைப் பணியாளர்களைப் பெருந்தொற்றுக் காலத்தில் முன்களப் பணியாளர்கள் என்று கும்பிட்டதையும், அதே ஆட்கள் சம்பளம் கேட்டுத் தெருவில் உட்கார்ந்தபோது நடந்ததையும் நாம் பார்த்தவர்கள்.

நாங்கள் அறிந்த ஒரு தம்பியைப் பற்றிச் சொல்கிறோம். பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். சீருடைப் பணியாளர் தேர்வு எழுதி வேலைக்குப் போன, அவருடைய தெருவின் முதல் அரசு ஊழியர். ஒருமுறை கழிவுநீர்த் தொட்டியில் விழுந்த மூன்று பேரை எடுக்க வண்டி போனது. கயிறு கட்டிக்கொண்டு இறங்கியவர் இவர். மூச்சுக்கருவியின் உருளையில் காற்று பாதிதான் இருந்தது. மேலே ஏறி வந்தபோது இறந்தவர்களின் உறவினர்கள் அவரைக் கட்டிக்கொண்டு அழுதார்களாம். "அண்ணே, உள்ள கெடந்தவங்களும் நம்ம ஆளுங்க, எடுத்த நானும் நம்ம ஆளு" என்று அவர் சொன்னது எங்களுக்கு மறக்கவில்லை. அடுத்த வாரம் உருளைகளைச் சோதிக்கச் சொல்லி ஒன்பது பேர் கையெழுத்திட்டு மனு கொடுத்தார்கள். எழுதியது இவர் கையெழுத்தில் இருந்தது. பத்து நாளில் "நிர்வாக நலன் கருதி" அவருக்கு மட்டும் பணியிட மாற்றம், முந்நூறு கிலோமீட்டர் தள்ளி. மற்ற எட்டுப் பேர் அதன் பிறகு எந்தக் காகிதத்திலும் கையெழுத்திடவில்லை.

பழிவாங்கல் என்பது இப்படித்தான் வேலை செய்கிறது. ஒருவரை அடித்தால் எட்டுப் பேர் வாயடைத்துப் போவார்கள்.

மூன்று உரிமைகள்

சங்கம் என்று ஒரே சொல்லில் சொன்னாலும் உள்ளே மூன்று உரிமைகள் இருக்கின்றன. ஒன்று, கூடுவது. இரண்டு, கூடியவர்களின் சார்பாகப் பேரம் பேசுவது. மூன்று, வேலைநிறுத்தம். "தீயணைப்புக்காரர் வேலைநிறுத்தம் செய்தால் ஊர் எரியாதா?" என்று மூன்றாவதைக் காட்டிப் பயமுறுத்தி, முதல் இரண்டையும் சேர்த்தே மறுப்பது எல்லா அரசுகளும் கையாளும் தந்திரம். ஆகவே பிரித்துப் பார்ப்போம்.

கூடும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(இ) பிரிவில் உள்ளது. அதைக் குறைக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருவது 33ஆம் பிரிவு. ஆயுதப் படைகள், பொது ஒழுங்கைக் காக்கும் படைகள், உளவு அமைப்புகள், இவற்றுக்கான தொலைத்தொடர்பு அமைப்புகள் ஆகியவையே அதன் பட்டியல். தீயணைப்பு என்ற சொல் அதில் இல்லை. மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையின் தீயணைப்புப் பிரிவினர் ஆயுதப் படையின் பகுதி என்பதால் அவர்கள் நிலை வேறு. மாநிலத் தீயணைப்புத் துறையினரிடம் துப்பாக்கி கிடையாது, தண்ணீர்க்குழாய்தான் இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் காவலர், சிறைக்காவலர், தீயணைப்பாளர் மூவரையும் ஒரே தேர்வாணையம் எடுக்கிறது. துறையின் தலைமையில் காவல்துறை உயரதிகாரி இருக்கிறார். ஒரே சீருடைக் குடும்பம் என்ற எண்ணம் இப்படி உருவாகிறது. சட்டத்தில் இல்லாத தடை மனத்தில் உட்கார்ந்துவிடுகிறது.

அரசு ஊழியரானதால் அடிப்படை உரிமை போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் 1962இல் காமேஷ்வர் பிரசாத் வழக்கில் சொன்னது. ஆர்ப்பாட்டத்துக்கு முழுத்தடை விதித்த பீகார் அரசின் விதி விழுந்தது. வேலைநிறுத்தத்தை அடிப்படை உரிமையாக அது ஏற்கவில்லை. அதே காலத்தில் ஓ.கே. கோஷ் வழக்கு வந்தது. கணக்குத் தணிக்கைத் துறைச் சங்கம் ஒன்றின் அங்கீகாரத்தை அரசு திரும்பப் பெற்றது. செயலாளர் சங்கத்தை விட்டு விலக மறுத்தார். அவர் மேல் ஒழுங்கு நடவடிக்கை பாய்ந்தது. அங்கீகாரமில்லாத சங்கத்தில் ஊழியர் இருக்கக்கூடாது என்ற விதியே செல்லாது என்று தீர்ப்பானது. இதை நம் இளைஞர்கள் நினைவில் வைக்க வேண்டும். அரசு அங்கீகரிக்காதது, சங்கத்தில் இருப்பவரைத் தண்டிக்கக் காரணமாகாது.

நாக்பூர் தீர்ப்பு

நாக்பூரில் 1956இல் அண்ணல் பௌத்தம் தழுவினார். நான்கு ஆண்டு கழித்து, 1960இல், அதே நாக்பூரின் மாநகராட்சி ஊழியர்கள் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. மாநகராட்சியின் துறைகள் தொழில் தகராறு சட்டம் சொல்லும் "தொழில்" ஆகுமா என்பது கேள்வி. நீதிமன்றம் துறை துறையாக எடுத்துப் பார்த்தது. தீயணைப்புத் துறை தொழில்தான் என்றது. கழிவுநீர்த் துறையும் அப்படியே. தொட்டிக்குள் இறங்குகிறவரும் அவரை எடுக்க இறங்குகிறவரும் ஒரே தீர்ப்பில் தொழிலாளிகள் ஆனார்கள்.

அதனால் என்ன லாபம்? தொழில் தகராறு சட்டத்தில் பழிவாங்கலுக்கு எதிரான கருவிகள் இருந்தன. சங்கத்தில் சேர்ந்ததற்காக நீக்குவது, சங்க வேலைக்காரரைத் தண்டிக்கும் நோக்கில் வெளியூருக்கு மாற்றுவது, பதவி உயர்வை மறுப்பது ஆகியவை நியாயமற்ற தொழிலாளர் நடைமுறைகள் என்று ஐந்தாம் அட்டவணை பட்டியலிட்டது. தகராறு விசாரணையில் இருக்கும்போது சங்க நிர்வாகிகளில் ஒரு பகுதியினர் "பாதுகாக்கப்பட்ட தொழிலாளர்". விசாரணை அமைப்பின் எழுத்துமூலமான முன் அனுமதி இல்லாமல் அவர்களை நீக்க முடியாது. எண்ணிக்கை, மொத்தத் தொழிலாளரில் நூற்றுக்கு ஒருவர், குறைந்தது 5, அதிகம் 100. 2020இன் தொழில் உறவுகள் தொகுப்பும் நியாயமற்ற நடைமுறைகளின் பட்டியலை வைத்திருக்கிறது. ஆனால் அரசின் இறையாண்மைப் பணிகளைத் "தொழில்" என்ற சொல்லிலிருந்து அது வெளியே நிறுத்துகிறது. எது இறையாண்மைப் பணி? தீயை அணைப்பதா, வரி வாங்குவதா? இனி நடக்கப்போகும் சண்டை இந்தச் சொல்லின் மேல்தான்.

மாநிலத் துறையில் இருக்கும் தீயணைப்பாளர் ஏற்கெனவே வாசலுக்கு வெளியேதான் நிற்கிறார். அரசு ஊழியர் என்பதால் அவருக்கு 311ஆம் பிரிவு உண்டு, விசாரணையின்றி நீக்க முடியாது. ஆனால் அதில் விலக்குகள் உண்டு. மேலும் இடமாற்றம் தண்டனைக் கணக்கில் வராது. 17(பி) குறிப்பாணை வந்தால் ஆண்டுக்கணக்கில் பதவி உயர்வு நிற்கும். 2003 ஜூலையில் தமிழ்நாட்டில் வேலைநிறுத்தம் செய்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர், ஆசிரியர் ஒரே வீச்சில் நீக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதிக் கொடுத்துத்தான் பெரும்பாலோர் திரும்பினார்கள். அந்த ரங்கராஜன் வழக்கில், வேலைநிறுத்தத்துக்கு அடிப்படை உரிமையோ சட்ட உரிமையோ தார்மீக உரிமையோ இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் கூடும் உரிமையை அந்தத் தீர்ப்பு எடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

வெளியே என்ன நடந்தது

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 87ஆம் உடன்படிக்கை 1948இல் வந்தது. ஆயுதப் படைக்கும் காவல்துறைக்கும் மட்டும் விலக்குக்கு இடம் விட்டது. தீயணைப்போர் அந்த விலக்கில் வரமாட்டார்கள் என்று அந்த அமைப்பின் குழுக்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. 1949இன் 98ஆம் உடன்படிக்கை, சங்கத்தில் இருந்ததற்காக நீக்குவதையும் பிற வகையில் பாதிப்பதையும் தடுக்கிறது. இந்தியா அந்த அமைப்பின் நிறுவன உறுப்பினர். இரண்டு உடன்படிக்கைகளையும் இன்றுவரை ஏற்கவில்லை.

ஜப்பான் 87ஐ 1965இல் ஏற்றது. ஆனாலும் தீயணைப்போர் காவல்துறை போன்றவர்களே என்று சொல்லி இன்றும் சங்கத்தை மறுக்கிறது. பதிலாகத் தொண்ணூறுகளில் பணியாளர் குழுக்களை அமைத்தது. குழுவில் கருத்துச் சொல்லலாம், பேரம் பேச முடியாது. தென்கொரியா வேறு பாதையில் போனது. 2021 ஜூலை முதல் அங்கே தீயணைப்போருக்குச் சங்க உரிமை கிடைத்தது. ஊர் எரிந்துவிடவில்லை.

அமெரிக்காவின் வடக்கு கரோலினா மாநிலம் 1959இல் பொது ஊழியர் சங்கத்தில் சேர்வதையே சட்டவிரோதமாக்கியது. சார்லட் நகரத் தீயணைப்போர் வழக்குப் போட்டார்கள். 1969இல் கூட்டாட்சி நீதிமன்றம் சங்கத்தில் சேரத் தடைபோட்ட பகுதியை ரத்து செய்தது. நகராட்சி சங்கத்தோடு ஒப்பந்தம் போடக்கூடாது என்ற பகுதியை அப்படியே விட்டது. நீ கூடிக்கொள், நான் கேட்க வேண்டியதில்லை என்பதுதான் அதன் பொருள். பேரம் இல்லாத கூடுதல் பாதி உரிமைதான் என்பதற்கு சார்லட் சாட்சி.

இந்த ஓட்டையை அண்ணல் முன்பே கண்டார். 1938இல் பம்பாய் சட்டமன்றத்தில் தொழில் தகராறு மசோதாவை எதிர்த்தார். அந்த நவம்பர் 7 வேலைநிறுத்தத்தைச் சுதந்திரத் தொழிலாளர் கட்சியும் பொதுவுடைமையரும் சேர்ந்து நடத்தினார்கள். 1943இல் தொழிலாளர் துறை உறுப்பினராக, சங்கத்தை முதலாளி கட்டாயம் அங்கீகரிக்க வேண்டும் என்ற திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். அந்த நோக்கில் 1947இல் ஒரு திருத்தச் சட்டமும் நிறைவேறியது. கட்டாய அங்கீகாரமும் முதலாளியின் நியாயமற்ற நடைமுறைகளுக்குத் தண்டனையும் அதில் இருந்தன. அது நடைமுறைக்கு வரவே இல்லை. நிறைவேறிய சட்டம் அலமாரியில் தூங்கியது.

சங்கத்துக்குள்ளும் ஒரு கேள்வி

அண்ணல் சங்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போற்றியவர் அல்லர். பம்பாய் ஆலைகளின் நெசவுப் பிரிவில் அறுந்த நூலை வாயால் உறிஞ்சிக் கோக்க வேண்டும் என்பதால் தீண்டப்படாதவரை உள்ளே விடவில்லை. கூலி அங்கேதான் அதிகம். சங்கங்கள் அதைப் பெரிய பிரச்சினையாக எடுக்கவில்லை. அதே 1938இல் மன்மாட்டில் ரயில்வேத் தொழிலாளர் முன்னிலையில் பார்ப்பனியமும் முதலாளித்துவமும் இரண்டு எதிரிகள் என்று அவர் பேசியதன் பின்னணி இது. அமெரிக்காவிலும் கறுப்பினத் தீயணைப்போர் தனி நிலையங்களில் ஒதுக்கப்பட்டார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் அது 1956 வரை நீடித்தது. நியூயார்க்கில் அவர்கள் 1940இல் வல்கன் சொசைட்டி என்ற தம் சொந்த அமைப்பைக் கட்ட வேண்டியிருந்தது.

ஆகவே நாம் கேட்கும் சங்கம் இரண்டு வேலை செய்ய வேண்டும். மேலே அதிகாரியிடம் பேச வேண்டும். உள்ளே, யாரைத் தொட்டிக்குள் இறக்குகிறோம் என்பதையும் கேட்க வேண்டும். ஒரே நிலையத்தில் ஒரே கூரையின் கீழ் இரவு தூங்கும் பன்னிரண்டு பேரில், பிணம் எடுக்கக் கயிறு எப்போதும் ஒரே இடுப்பில் கட்டப்படுமானால், அந்தச் சங்கத்தின் கொடி எந்த நிறமானாலும் நமக்கு என்ன?

நம் கோரிக்கைகள் எளியவை. தீயணைப்போர் கூடலாம் என்று அரசு எழுத்தில் சொல்லட்டும். மனுவுக்குப் பின் குறிப்பிட்ட காலத்துக்குள் வரும் இடமாற்றத்துக்குக் காரணம் சொல்லும் பொறுப்பு அதிகாரியின் தலையில் இருக்கட்டும். வேலைநிறுத்தம் கூடாது என்றால், பதிலுக்கு இருதரப்பையும் கட்டுப்படுத்தும் நடுவர் மன்றம் வேண்டும். 87, 98 உடன்படிக்கைகளை இந்தியா ஏற்கட்டும். அதுவரை நம் தம்பிகளுக்கு ஒரு சொல்: மனுவை ஒருவர் கையெழுத்தில் எழுதாதீர்கள். கூட்டம் போட்டுத் தீர்மானமாக எழுதுங்கள், தேதி போடுங்கள், எல்லோரும் கையெழுத்திடுங்கள், ஒப்புகை வாங்குங்கள், நகலை வெளியே ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். பழிவாங்கலை நிரூபிக்கும்போது தேதிதான் முதல் சாட்சி.

முந்நூறு கிலோமீட்டர் தள்ளிப் போன அந்தத் தம்பி இப்போதும் வேலையில் இருக்கிறார். புது நிலையத்துக்குப் போன அன்று முதலில் மூச்சுக்கருவியின் உருளைகளைத் தட்டிப் பார்த்தாராம். அடுத்த ஏப்ரல் 14 அன்று அண்ணல் சிலைக்கு மாலை போட்டுத் திரும்பும்போது, வழியில் இருக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் நாம் ஒருமுறை போய்வருவோம். உருளையில் காற்று எவ்வளவு இருக்கிறது என்று கேட்போம். கேட்டதற்காக நம்மை யாரும் இடமாற்றம் செய்ய முடியாது.

ஜெய் பீம்.