பெட்டியில் 4ஜி, தீவில் சிக்னல் இல்லை

சென்னை ரிச்சி தெருவில் 4ஜி ரவுட்டர் வாங்கி அந்தமானுக்குக் கப்பலேற்றுபவர்கள் பெரும்பாலும் விலையைப் பார்க்கிறார்கள், வேகத்தைப் பார்க்கிறார்கள். அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் பேண்ட் எண்களை யாரும் பார்ப்பதில்லை. தீவில் கருவி பேசுவதும் ஊமையாவதும் அந்த எண்களைப் பொறுத்ததுதான்.

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னைக்கும் போர்ட் பிளேயருக்கும் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) இடையே கடலடி கேபிள் திறக்கப்பட்டது. சுமார் 2,300 கிலோமீட்டர் நீளம், 1,224 கோடி ரூபாய் செலவு. அதுவரை செயற்கைக்கோளை நம்பிக் கிடந்த தீவுகளுக்கு அது பெரிய விடுதலை. ஹேவ்லாக், ரங்கத், கார் நிகோபார், கிரேட் நிகோபார் என்று நீளும் அந்தக் கேபிள், கரையோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து வீட்டுக்கும் படகுத்துறைக்கும் கோபுரத்தின் ரேடியோ அலைதான்.

பி.எஸ்.என்.எல். தன் புதிய 4ஜி சேவைக்கு 2100 மெகாஹெர்ட்ஸையும் (பேண்ட் 1) 700 மெகாஹெர்ட்ஸையும் (பேண்ட் 28) வைத்திருக்கிறது. 700 வெகுதூரம் போகும், காட்டையும் சுவரையும் ஓரளவு துளைக்கும். தீவுகளுக்கு அதைவிடப் பொருத்தமான அலை கிடையாது. ஆனால் பல ரவுட்டர்களுக்குள் இருக்கும் குவெக்டெல் இ.சி.25 மோடத்தின் 'இ' வகையில் 1, 3, 5, 40, 41 எல்லாம் உண்டு, 28 மட்டும் இல்லை. 'ஏ.யு.' வகையில் 28 இருக்கிறது. பெயரும் உருவமும் ஏறக்குறைய ஒன்றே. மெயின்லேண்டில் 'இ' வகை குறையில்லாமல் ஓடும். 28 மட்டுமே ஒலிக்கும் இடத்தில் அதற்குக் காது கேட்காது.

அமெரிக்காவிலிருந்து வரும் கருவியின் கதை இன்னும் விசித்திரம். பழைய தொலைக்காட்சி ஒளிபரப்பு காலிசெய்த 700-ஐ அவர்கள் 12, 13, 17 என்று பிரித்துக்கொண்டார்கள். ஆசிய-பசிபிக் நாடுகள் வேறு மாதிரி வெட்டின: கருவி பேச 703–748, கேட்க 758–803. அமெரிக்காவின் 13-இல் பேசுவது மேலே, கேட்பது கீழே. ஆகவே '700' என்ற எண்ணை நம்பிப் பயனில்லை. மாறாக, 28-ஐப் பயன்படுத்தும் தாய்லாந்தில், பூக்கெட்டில் வாங்கிய ரவுட்டர் இங்கே ஒத்துப்போக வாய்ப்பு அதிகம்.

சான்றிதழ் காப்பாற்றாதா? அமெரிக்காவின் எஃப்.சி.சி., ஐரோப்பாவின் சி.இ., நம் தொலைத்தொடர்புப் பொறியியல் மையத்தின் கட்டாயச் சோதனை எல்லாமே பாதுகாப்பையும், அடுத்த கருவிக்கு இடைஞ்சல் தராமல் இருக்கிறதா என்பதையும்தான் முக்கியமாகப் பார்க்கின்றன. உங்கள் ஊர்க் கோபுரம் கேட்குமா என்பது அவற்றின் கேள்வி அல்ல. அரசே சோதித்து விற்க அனுமதித்த கருவிக்கு அரசு நிறுவனத்தின் அலை கேட்காமல் போகலாம் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. பேண்ட் எண்களைப் பெட்டியின் முகப்பிலேயே பெரிதாக அச்சிட வைக்கலாம்.

அதுவரை, தீவுக்கு வாங்குபவர்கள் கடைக்காரரிடம் மாடல் எண்ணை முழுதாகக் கேளுங்கள். 28 இருக்கிறதா என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.