மாலுமிகளுக்குத் தெரியாமல் ஒரு நிதி

1940 ஏப்ரல் 9 அன்று ஜெர்மன் படை நார்வேக்குள் நுழைந்தபோது, அந்நாட்டு வணிகக் கப்பல்களில் பெரும்பாலானவை தாயகத்திலேயே இல்லை. எண்ணெயும் சரக்குமாக உலகின் பல கடல்களில் போய்க்கொண்டிருந்தன. ஜெர்மனிக்குத் துணைபோன குவிஸ்லிங் அவற்றைத் திரும்பி வரச் சொன்னார். கேப்டன்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஜெர்மன் படையிடம் சிக்காமல் இடம் மாறிக்கொண்டிருந்த நார்வே அரசு, அதே மாதம் சுமார் ஆயிரம் கப்பல்களைக் கையகப்படுத்தியது. அவற்றை நடத்த லண்டனிலும் நியூயார்க்கிலும் அலுவலகம் கொண்ட ‘நார்ட்ராஷிப்’ என்ற அமைப்பு உருவானது. பிரிட்டனுக்குப் போன பெட்ரோலில் கணிசமான பங்கு நார்வேயின் டேங்கர்களில் போனது. பிறகு நாடுகடந்து இயங்கிய அதே அரசின் செலவுக்கும் இந்தக் கப்பல்களின் வருமானமே ஆதாரம்.

டேங்கரில் வேலை என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. டார்பிடோ பட்டால் கடலே தீப்பற்றும். மாலுமிகளோ ராணுவ வீரர்கள் அல்லர். சீருடை கிடையாது, பதக்கத்துக்கும் வழி குறைவு. ஆனால் மாதச் சம்பளத்துடன் போர் அபாயப் படி உண்டு. நார்வே மாலுமிக்குக் கிடைத்த படி, பிரிட்டிஷ் மாலுமிக்குக் கிடைத்ததைவிட அதிகம். ஒரே கப்பல் அணியில் (கான்வாய்) பக்கத்துப் பக்கத்தில் போகிறவர்களுக்குள் இப்படி ஒரு வித்தியாசம் இருந்தால் தங்கள் மாலுமிகளும் கேட்பார்களே என்று பிரிட்டன் நெருக்கியது.

அதனால் 1940-இல் ஓர் ஏற்பாடு நடந்தது. படியை பிரிட்டிஷ் அளவுக்குக் குறைத்து, மிச்சத்தை ஒரு நிதியில் போட்டுவைப்பது என்று நார்ட்ராஷிப்பும் மாலுமிகள் சங்கமும் ஒப்புக்கொண்டன. விஷயத்தை மாலுமிகளிடம் சொல்லவில்லை. போர்க்காலத்தில் படியைக் குறைத்ததற்காவது ஒரு நியாயம் சொல்லலாம். மறைத்ததற்குச் சொல்ல முடியாது, அதுவும் மாலுமிகளின் சங்கமே உடன்பட்டு!

போர் முடிந்ததும் விஷயம் கசிந்தது. மாலுமிகள் தங்கள் பங்கைக் கேட்டார்கள். 1948-இல் நார்வே நாடாளுமன்றம் வேறு முடிவெடுத்தது: 4 கோடி குரோனருக்கு மேலிருந்த அந்தப் பணம் வறுமையில் வாடும் மாலுமிகளுக்கும் மாலுமிகளின் விதவைகளுக்கும் உதவித்தொகையாகப் போகும். உழைத்துச் சம்பாதித்த பணத்தை, ஏழை என்று நிரூபித்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். மாலுமிகள் வழக்குத் தொடுத்தார்கள். 1954-இல் உச்ச நீதிமன்றத்திலும் தோற்றார்கள்.

இதற்கிடையே பலருக்கு உடலும் மனமும் தளர்ந்துகொண்டே வந்தன. தூக்கமின்மை, கெட்ட கனவு, குடி. ஊர் அவர்களைக் குடிகாரர்கள் என்றது. மனநல மருத்துவர் ஃபின் ஆஸ்க்வோல்ட் இவர்களை ஆராய்ந்து, இது குணக்கேடல்ல, போர் தந்த நோய் என்றார். பாதிப்பு பல ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டும் என்று எழுதினார். ‘போர் மாலுமி நோய்க்குறி’ என்று அதற்குப் பெயரிட்டார்.

நீதிமன்றத்தில் கிடைக்காதது 1972-இல் நாடாளுமன்றத்தில் கிடைத்தது. போர்க்காலத்தில் கப்பலில் இருந்த ஒவ்வொரு மாதத்துக்கும் 180 குரோனர் கொடுக்கத் தீர்மானித்தார்கள். சட்டப்படி கொடுக்க வேண்டியதில்லை, மனமுவந்து தருகிறோம் என்பதே அதற்கு அரசு வைத்த பெயர்.

நார்வே மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் போர்க்கால வணிக மாலுமிகள் ‘முன்னாள் படைவீரர்’ என்ற தகுதியை நீதிமன்றம் ஏறித்தான் 1988-இல் பெற்றார்கள். கனடாவில் 1998-இல் முதிய மாலுமிகள் நாடாளுமன்றத்தின் முன் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். பிரிட்டிஷ் கப்பல்களில் வேலைபார்த்த இந்திய மாலுமிகளின் நிலை இன்னும் மோசம்: ஒரே கப்பலில் வெள்ளையருக்குக் கிடைத்த சம்பளத்தில் சிறு பகுதிதான் அவர்களுக்கு. 1939-இல் போர் மூண்டதும் பிரிட்டிஷ் துறைமுகங்களில் வேலைநிறுத்தம் செய்து, நூற்றுக்கணக்கானோர் சிறைக்குப் போனார்கள். அந்தப் போரில் இந்திய மாலுமிகள் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். பிரிட்டிஷ் மாலுமிகளின் பெயர்கள் லண்டன் டவர் ஹில் நினைவிடத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இந்தியர்களின் பெயர்களோ மும்பையிலும் சிட்டகாங்கிலும் உள்ள நினைவுப் பதிவேடுகளில் இருக்கின்றன.

2013-இல் நார்வேயின் பாதுகாப்பு அமைச்சர் ஆன்-கிரேட்டே ஸ்ட்ரோம்-எரிக்சன், போர் மாலுமிகள் நடத்தப்பட்ட விதத்துக்காக அரசு சார்பில் மன்னிப்புக் கேட்டார். போர் முடிந்து அப்போது 68 ஆண்டுகள் ஆகியிருந்தன. கேட்க உயிரோடிருந்த மாலுமிகள் மிகச் சிலர்.